தேயா மின்கலம் தேடியவர்

நுழையுமுன்

மடிக்கணினி, கைப்பேசி, இல்லத்து இன்வெர்ட்டர், தெருவில் ஓடும் இ-ரிக்‌ஷா ஆகிய யாவற்றையும் இயக்குவது மின்கலமே. புதிதாக வாங்கியபோது பல மணி நேரம் உழைத்த மின்கலம் சில ஆண்டுகளில் ஏன் தளர்ந்துவிடுகிறது? அதன் ஆயுளை நீட்டிக்க இயலுமா? இவ்வினாவிற்கு விடை தேடித் தம் வாழ்நாளில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளைச் செலவிட்டார் ஒருவர். மின்விளக்கால் அவரை உலகம் அறியும். மின்கலத்திற்காக அவர் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

தாமஸ் ஆல்வா எடிசன் 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்க நாட்டின் ஓஹாயோ மாநிலத்தில் உள்ள மிலன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சாமுவேல், தாய் நான்சி. ஏழு பிள்ளைகளுள் இவரே இளையவர். எடிசனுக்கு ஏழு வயதானபோது குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவர் பள்ளிக்குச் சென்றது சில மாதங்களே. ஓயாது வினாக்கள் தொடுத்த அச்சிறுவனைப் பள்ளி புரிந்துகொள்ளவில்லை. முன்னர் ஆசிரியையாகப் பணியாற்றியிருந்த தாயார், மகனுக்குத் தாமே வீட்டில் பாடம் கற்பித்தார். அவர் வாங்கித் தந்த அறிவியல் நூல் ஒன்றில் கூறப்பட்ட சோதனைகளை எல்லாம் சிறுவன் தன் கையால் செய்து பார்த்தான்.

பன்னிரண்டாம் வயதில் எடிசன் புகைவண்டியில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்கத் தொடங்கினார். போர்ட் ஹூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய அவ்வண்டியின் சரக்குப் பெட்டியில் ஒரு மூலை அவருக்கு ஆய்வகமாயிற்று. ஒருநாள் பாஸ்பரஸ் தவறி விழுந்து பெட்டியில் தீப்பற்றிக்கொள்ள, அவ்வாய்வகத்திற்கு முடிவு வந்தது. அதே பருவத்தில் அவருடைய செவித்திறனும் குறையத் தொடங்கியது. வாழ்நாள் இறுதிவரை அக்குறை அவரை விட்டு நீங்கவில்லை. அதை எண்ணி அவர் சோர்ந்துவிடவுமில்லை.

1862ஆம் ஆண்டு, இருப்புப்பாதையில் விளையாடிக்கொண்டிருந்த நிலைய அதிகாரியின் சிறு மகனை, உருண்டுவந்த வண்டியிலிருந்து எடிசன் காப்பாற்றினார். நன்றி மறவாத அவ்வதிகாரி அவருக்குத் தந்தித் தொழிலைக் கற்பித்தார். அத்தொழிலே எடிசனை மின்சார உலகினுள் அழைத்துச் சென்றது.

அமிலம் சிந்திய இரவு

அக்காலத்தில் வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் நிலையங்கள் இல்லை. தந்திக் கம்பிகளில் ஓடிய மின்சாரம் முழுவதும் மின்கலங்களிலிருந்தே கிடைத்தது. உலோகத் தகடுகளும் அமிலமும் கொண்ட கலங்களைத் தந்தி நிலையங்களில் வரிசையாக வைத்திருப்பார்கள். அவற்றை அவ்வப்போது தூய்மை செய்ய வேண்டும். தேய்ந்த தகடுகளை மாற்ற வேண்டும். மின்கலம் என்பது எவ்வளவு பயனுடையதோ அவ்வளவு தொல்லை தருவது என்பதை எடிசன் இளமையிலேயே பட்டறிந்தார்.

1867ஆம் ஆண்டு அவர் லூயிவில் நகரில் தந்தி இயக்குநராகப் பணியாற்றினார். இரவுப் பணியை அவரே விரும்பிக் கேட்டுப் பெற்றிருந்தார். இரவில் படிக்கவும் சோதனை செய்யவும் ஓய்வு கிடைக்கும் என்பதே காரணம். ஓர் இரவில் அவர் மின்கலம் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது கந்தக அமிலம் தரையில் சிந்திற்று. பலகைகளின் இடுக்கு வழியே கீழ்த்தளத்தில் இருந்த மேலாளரின் மேசைமீது அது ஒழுகியது. மறுநாள் காலை எடிசன் வேலையை இழந்தார். அமிலத்தின் அரிக்கும் தன்மையை அவர் மறக்க இயலாதவாறு கற்றுக்கொண்ட பாடம் அது.

பின்னர் அவர் அடைந்த உயர்வை உலகம் அறியும். 1876ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலத்து மென்லோ பார்க்கில் ஆய்வகம் நிறுவினார். 1877இல் ஒலியைப் பதிவு செய்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியைப் படைத்தார். 1879இல் நெடுநேரம் எரியும் மின்விளக்கை உருவாக்கினார். 1882ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் மின்நிலையம் அமைத்து, சுற்றுப்புறக் கட்டடங்களுக்கு மின்னொளி வழங்கினார். 1887இல் வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் இன்னும் பெரிய ஆய்வகத்தைக் கட்டினார்.

வெற்றிகளின் நடுவே தோல்விகளும் வந்தன. தரம் குறைந்த தாதுவிலிருந்து காந்தத்தின் துணையால் இரும்பைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் 1890களில் பல ஆண்டுகளையும் பெரும் பொருளையும் செலவிட்டார். வேறு பகுதியில் வளமான இரும்புத் தாது மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதால் அத்தொழில் நிலைக்கவில்லை. ஐம்பது வயதைக் கடந்த நிலையில், செல்வத்தின் பெரும்பகுதியை இழந்து நின்ற அவர், அடுத்து எடுத்துக்கொண்ட பணியே மின்கலம்.

குதிரைக்கு மாற்று எது?

1900ஆம் ஆண்டளவில் நகரத் தெருக்களில் குதிரை வண்டிகளே மிகுதி. குதிரை இல்லா வண்டிகள் அப்போதுதான் தோன்றியிருந்தன. அவற்றுள் சில நீராவியாலும், சில பெட்ரோலாலும், சில மின்சாரத்தாலும் ஓடின. அவ்வாண்டு அமெரிக்காவில் உருவான தானியங்கி வண்டிகளுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டவை மின்சார வண்டிகளே. புகையில்லை, இரைச்சலில்லை. பெட்ரோல் வண்டியைப் போலக் கைப்பிடியைச் சுழற்றி உயிர்ப்பிக்க வேண்டிய துன்பமும் இல்லை. ஆயினும் ஒரு பெருங்குறை இருந்தது. அதுவே மின்கலம்.

பயன்படுத்தித் தீர்ந்தபின் எறியப்படும் கலம் ஒருவகை. மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்து பயன்படுத்தும் கலம் மற்றொரு வகை. பின்னதைச் சேம மின்கலம் என்பர். முதல் மின்கலத்தை இத்தாலியரான வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். மின்னேற்றம் செய்யத்தக்க காரீய அமிலக் கலத்தைப் பிரெஞ்சு அறிவியலாளர் பிளாந்தே 1859இல் உருவாக்கினார். எடிசன் காலத்து மின்சார வண்டிகள் அக்காரீயக் கலங்களையே சுமந்து ஓடின.

காரீயம் கனமான உலோகம். வண்டியின் ஆற்றலில் பெரும்பங்கு கலத்தின் சுமையை இழுப்பதிலேயே கழிந்தது. கந்தக அமிலம் தான் தொட்ட பொருளை எல்லாம் அரித்தது. மின்னாற்றல் தீர்ந்த நிலையில் கலத்தைச் சில நாள் அப்படியே விட்டுவைத்தால், தகடுகளின்மேல் உப்புப் படிந்து இறுகி, கலம் மீண்டும் மின்னேற்றம் கொள்ளாமற் போயிற்று. குண்டும் குழியுமான சாலையில் ஓடும்போது தகடுகளில் உள்ள பொருள் உதிர்ந்தது. ஆகவே, இலேசாகவும், உறுதியாகவும், நெடுநாள் உழைப்பதாகவும் ஒரு கலம் வேண்டும் என்று எடிசன் கருதினார். 1899ஆம் ஆண்டில் அத்தேடல் தொடங்கியது.

அமிலத்தை விட்டுக் காரத்திற்கு

எடிசன் முதலில் செய்தது அமிலத்தைக் கைவிட்டதேயாகும். உலோகத்தை அரிக்கும் நீர்மத்தினுள் உலோகத்தை வைத்துக்கொண்டு அது நெடுநாள் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது என அவர் எண்ணினார். அமிலத்திற்கு எதிரான தன்மையுடையது காரம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரக் கரைசலில் எஃகு அரிபடுவதில்லை. எனவே கலத்தின் பெட்டியையே எஃகினால் செய்துவிடலாம். கண்ணாடியோ வன்மையான ரப்பரோ தேவையில்லை.

அடுத்து, அக்காரக் கரைசலில் நேர்மின்வாயாகவும் எதிர்மின்வாயாகவும் பயன்படத்தக்க பொருள்கள் எவை என்னும் வினா எழுந்தது. எடிசனும் அவருடைய உதவியாளர்களும் ஒவ்வோர் உலோகமாக எடுத்துச் சோதித்தனர். ஆயிரக்கணக்கான சோதனைகள் நடந்தன. விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக எடிசன் ஆயிரக்கணக்கான முறை தோற்ற கதையை இன்று பலரும் கூறுவர். அது மின்விளக்கைப் பற்றியது என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவர் தம் நினைவாகக் கூறிய அக்கதை, உண்மையில் இம்மின்கல ஆய்வைப் பற்றியதாகும்.

இறுதியில் நேர்மின்வாய்க்கு நிக்கலின் சேர்மத்தையும், எதிர்மின்வாய்க்கு இரும்பையும் அவர் தேர்ந்தார். நிக்கல் தாது தேடிக் கனடாவின் சட்பரிப் பகுதிக்கே சென்று நிலத்தைத் தோண்டிப் பார்த்தார். அவர் தோண்டிய இடத்தில் புதைமணல் குறுக்கிட்டதால் முயற்சியைக் கைவிட்டுத் திரும்பினார். அதே பகுதியில் நிக்கல் வளம் நிரம்ப உண்டு என்பது பின்னாளில் தெரியவந்தது.

இங்கு இன்னொருவரையும் நினைவுகூர்தல் வேண்டும். அதே காலத்தில் சுவீடன் நாட்டின் யுங்னர் என்பாரும் காரக் கரைசலில் நிக்கல், காட்மியம், இரும்பு ஆகியவற்றைக் கொண்டு கலங்களை உருவாக்கினார். ஒரே கருத்து இரு நாடுகளில் இருவர் உள்ளத்தில் தனித்தனியே முளைத்தது. காப்புரிமை குறித்து இரு தரப்பினரிடையே வழக்கும் எழுந்தது.

திரும்பப் பெற்ற கலங்கள்

1901ஆம் ஆண்டு எடிசன் சேம மின்கல நிறுவனத்தைத் தொடங்கினார். தம் புதிய கலத்தைப் பற்றிச் செய்தித்தாள்களில் பெருமிதத்தோடு பேசினார். உலகப் புகழ்பெற்றவரின் சொல் ஆதலால் மக்கள் ஆவலோடு காத்திருந்தனர். 1903ஆம் ஆண்டில் கலங்கள் விற்பனைக்கு வந்தன. சரக்கு வண்டிகளில் அவை பொருத்தப்பட்டன.

ஓராண்டு கழிவதற்குள் குறைகள் வெளிப்பட்டன. சில கலங்களின் இணைப்புகளில் கசிவு ஏற்பட்டது. வேறு சில, மெல்ல மெல்லத் தம் கொள்திறனை இழந்தன. நிக்கல் சேர்மம் மின்சாரத்தை நன்கு கடத்தாது என்பதால், அதனோடு கிராபைட்டு என்னும் கரிப்பொருளைக் கலந்திருந்தனர். மின்னேற்றத்தின்போதும் மின்னிறக்கத்தின்போதும் நிக்கல் பொருள் விரிந்து சுருங்கியது. அதனால் கிராபைட்டுடன் அதற்கிருந்த தொடர்பு தளர்ந்தது. வெளியே எஃகுப் பெட்டி உறுதியாகவே இருந்தது. உள்ளே கலம் மூப்படைந்துகொண்டிருந்தது.

எடிசன் முன் இரு வழிகள் இருந்தன. குறையை மறைத்து விற்பனையைத் தொடரலாம். கலங்களில் பல நன்றாகவே உழைத்தன. கேட்டு வாங்குவோரும் இருந்தனர். அல்லது தொழிற்சாலையை நிறுத்திவிட்டு மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்கலாம். முன்னதில் பணம் உண்டு. பின்னதில் பொருளிழப்பும் ஊரார் நகைப்பும் உண்டு. இரும்புத் தாதுத் தொழிலில் பட்ட இழப்பின் காயம் இன்னும் ஆறாத காலம் அது.

அவர் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். உற்பத்தியை நிறுத்தினார். குறையுள்ள கலங்களைத் திரும்பப் பெற்று, வாங்கியவர்களுக்கு ஈடுசெய்தார். தம் பெயரைத் தாங்கிய பொருள் தம் சொல்லைப் பொய்யாக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அளவுக்கு மீறிப் புகழ்ந்து பேசிய பிழை அவருடையதே. அப்பிழைக்கு உரிய விலையைக் கொடுத்தவரும் அவரே.

ஐந்தாண்டு உழைப்பு

அதன்பின் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆய்வு தொடர்ந்தது. இரவு பகல் பாராது உழைத்து, உறக்கம் வந்தபோது ஆய்வகத்திலேயே சற்றுப் படுத்து எழுவது எடிசனின் வழக்கம். இடையே காதில் அறுவை மருத்துவமும் செய்துகொள்ள நேர்ந்தது. உடல் தேறியதும் மீண்டும் ஆய்வு மேசைக்கே திரும்பினார். உதவியாளர்கள் பலர் அவருடன் தோள்கொடுத்து உழைத்தனர். வேதியியல் அறிந்தோரும், கருவி செய்வோரும், வண்டி ஓட்டிச் சோதிப்போரும் அவர்களுள் இருந்தனர்.

கலங்களை வண்டிகளில் ஏற்றிக் கரடுமுரடான சாலைகளில் ஓட்டினர். இயந்திரங்களில் வைத்துத் தொடர்ந்து குலுக்கினர். மாடிச் சன்னலிலிருந்து கீழே எறிந்தும் பார்த்தனர். எது உடைகிறது, எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பதை ஒவ்வொரு முறையும் குறித்துவைத்தனர்.

விடை சிறுகச் சிறுகக் கிடைத்தது. கிராபைட்டுக்குப் பதிலாக நிக்கலையே மிக மெல்லிய செதில்களாக்கிப் பயன்படுத்த எடிசன் முனைந்தார். அவ்வளவு மெல்லிய செதிலைச் செய்வது எவ்வாறு? மின்முலாம் பூசும் முறையில் செம்பு ஓர் அடுக்கு, நிக்கல் ஓர் அடுக்கு என மாறி மாறிப் பல அடுக்குகளைப் படியச் செய்தனர். பின்பு அதைச் சிறு துண்டுகளாக வெட்டிச் செம்பை மட்டும் கரைத்துவிட்டனர். எஞ்சி நின்றவை தாளினும் மிக மெல்லிய நிக்கல் செதில்கள்.

துளையிட்ட எஃகுக் குழாய்களுள் நிக்கல் சேர்மமும் நிக்கல் செதிலும் மாறி மாறி நூற்றுக்கணக்கான அடுக்குகளாக அடைக்கப்பட்டன. உள்ளிருக்கும் பொருள் விரியும்போது குழாய் பிளவாதபடி அதைச் சுற்றி எஃகு வளையங்கள் பூட்டப்பட்டன. காரக் கரைசலில் லித்தியம் ஹைட்ராக்சைடு சிறிதளவு சேர்க்கப்பட்டது. அச்சிறு மாற்றத்தால் கலத்தின் கொள்திறனும் ஆயுளும் கூடின.

1909ஆம் ஆண்டில் புதிய கலம் வெளிவந்தது. தொடங்கிய நாளிலிருந்து பத்து ஆண்டுகள் கழிந்திருந்தன. எடிசனுக்கு வயது அறுபத்திரண்டு.

எதிர்பாராத முடிவு

இம்முறை கலம் ஏமாற்றவில்லை. முழுமையாக மின்னிறக்கம் செய்தாலும் அது கெடவில்லை. மாதக்கணக்கில் வாளாவிருந்தாலும் கெடவில்லை. அடியும் அதிர்ச்சியும் தாங்கியது. அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் உழைத்த எடிசன் கலங்கள் உண்டு. ஆயினும் அதற்கும் சில குறைகள் இருந்தன. விலை மிகுதி. கடுங்குளிரில் அதன் ஆற்றல் குறைந்தது. குறுகிய நேரத்தில் மிகுந்த மின்னோட்டத்தை வழங்க அதனால் இயலவில்லை. மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வளி வெளிப்படுவதால் காற்றோட்டமுள்ள இடமும் கரைசலுக்கு அவ்வப்போது நீரும் தேவைப்பட்டன.

இதற்கிடையே உலகம் வேறு திசையில் சென்றது. எடிசனைப் பெரிதும் மதித்த ஹென்றி ஃபோர்டு, 1908ஆம் ஆண்டில் மாடல் டி என்னும் பெட்ரோல் வண்டியை வெளியிட்டார். அதன் விலை பின்னர்ப் பெரிதும் குறைந்தது. 1912இல் கெட்டரிங் என்பார் உருவாக்கிய மின்தொடக்கி வண்டிகளில் பொருத்தப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றும் துன்பம் ஒழிந்தது. அத்தொடக்கிக்குத் தேவை ஒருநொடியில் பாயும் பெரும் மின்னோட்டம். அதை வழங்கியது எடிசன் மாற்ற நினைத்த அதே காரீய அமிலக் கலம். மின்சார வண்டியின் சிறப்பாகக் கருதப்பட்ட எளிய தொடக்கம், மின்கலத்தின் உதவியாலேயே பெட்ரோல் வண்டிக்கும் வாய்த்துவிட்டது. சில ஆண்டுகளில் மின்சார வண்டிகள் தெருக்களிலிருந்து மறைந்தன.

எந்த நோக்கத்திற்காகப் பத்தாண்டு உழைத்தாரோ அந்நோக்கம் நிறைவேறவில்லை. ஆயினும் உழைப்பு வீண்போகவில்லை. நெடுநாள் கெடாமல் உழைக்கும் கலம் வேறு பலருக்குத் தேவைப்பட்டது. இருப்புப்பாதைக் கைகாட்டிகளிலும், தொடர்வண்டி விளக்குகளிலும், சரக்கு வண்டிகளிலும் அது இடம்பெற்றது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தலையில் அணியும் மின்விளக்கிற்கு அது ஆற்றல் தந்தது. சுரங்கத்தில் எரியும் வளி சூழ்ந்த இடத்தில் தீச்சுடர் விளக்கு உயிருக்கு ஊறு விளைவிக்கும். அவ்விருளில் மின்விளக்கு பல தொழிலாளரைக் காத்தது. எடிசனின் பிற்காலத் தொழில்களுள் நல்ல வருவாய் ஈட்டியவற்றுள் ஒன்றாக மின்கலத் தொழில் வளர்ந்தது. அவ்வகைக் கலங்கள் அமெரிக்காவில் 1970களின் நடுப்பகுதிவரை செய்யப்பட்டன.

1914ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் வெஸ்ட் ஆரஞ்சுத் தொழிற்கூடத்தில் பெருந்தீ மூண்டு பல கட்டடங்களை அழித்தது. அறுபத்தேழு வயதில் அவர் அவற்றை மீண்டும் எழுப்பினார். அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகளைப் பெற்ற எடிசன், 1931ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் தமது எண்பத்து நான்காம் வயதில் மறைந்தார்.

இன்றைய மடிக்கணினியில்

இன்றைய மடிக்கணினியில் இருப்பது லித்தியம் அயனிக் கலம். 1991ஆம் ஆண்டு முதல் அது விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கப் பாடுபட்ட குடெனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. எடிசன் கலத்தில் சிறு துணையாக இருந்த லித்தியமே இதில் முதன்மையான பணியைச் செய்கிறது. மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் நேர்மின்வாயிலிருந்து கிராபைட்டாலான எதிர்மின்வாய்க்குச் செல்கின்றன. கலத்தைப் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்புகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் சில அயனிகள் கிராபைட்டின் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய படலத்தில் சிக்கிக்கொள்கின்றன. அவை மீண்டும் பயன்படா. இதனால் கலம் சிறிது சிறிதாகத் தளர்கிறது.

ஒவ்வொரு கலத்திற்கும் ஓர் இயல்பு உண்டு. எடிசன் கலத்தை முழுமையாகத் தீர்த்து வைத்தாலும் கேடில்லை. லித்தியம் கலத்திற்கு அது தீங்கு தரும். எனவே மடிக்கணினியின் மின்கலம் நெடுநாள் உழைக்கப் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

வெப்பமே இக்கலத்தின் முதற்பகை. மெத்தையின்மீதும் தலையணையின்மீதும் கணினியை வைத்தால் அதன் காற்றுவழி அடைபட்டுச் சூடேறும். சமதளமான மேசையில் வைக்க வேண்டும். கோடைக்காலத்தில் வெயிலில் நிற்கும் வண்டியினுள் விட்டுச் செல்லலாகாது.

கலத்தை அடிக்கடி முழுவதும் தீரவிடுதல் கூடாது. நூறு விழுக்காடு மின்னேற்றிய நிலையில் நாள்கணக்கில் வைத்திருப்பதும் நன்றன்று. இருபது விழுக்காட்டிற்கும் எண்பது விழுக்காட்டிற்கும் இடையே வைத்திருத்தல் அதன் ஆயுளை நீட்டும். பல கணினிகளில் எண்பது விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பு உண்டு. எப்போதும் மின்னிணைப்பிலேயே பயன்படுத்துவோர் அதனை இயக்கி வைக்கலாம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பாதியளவு மின்னேற்றம் செய்து, கணினியை முழுமையாக அணைத்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

திரையின் ஒளியைத் தேவைக்கேற்பக் குறைத்தாலும், பயன்படாத செயலிகளை மூடினாலும் ஆற்றல் மெல்லச் செலவாகும். மின்னேற்றும் முறைகள் குறையக் குறையக் கலத்தின் ஆயுள் கூடும். கலம் உப்பிக் காணப்பட்டால் உடனே பயன்பாட்டை நிறுத்திப் பெரியோரிடம் தெரிவிக்க வேண்டும். அதைத் துளைத்தலோ அழுத்துதலோ தீவிபத்திற்கு இடமாகும். பழைய கலங்களைக் குப்பைத் தொட்டியில் இடாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் மறைந்த மின்சார வண்டிகள் இன்று மீண்டும் நம் தெருக்களில் ஓடுகின்றன. இலேசான, உறுதியான, நெடுநாள் உழைக்கும் கலத்தைத் தேடி ஆய்வகங்களில் இன்றும் பலர் உழைக்கின்றனர். குறையை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, விற்ற பொருளைத் திரும்பப் பெற்று, முதலிலிருந்து தொடங்கிய எடிசனின் துணிவு, அவர் செய்த கலத்தைக் காட்டிலும் நெடிய ஆயுள் உடையது.

அருஞ்சொற்பொருள்

காரீயம் – கனமான, மென்மையான ஓர் உலோகம்
காரம் – அமிலத்திற்கு எதிர்த் தன்மையுள்ள பொருள்
சேம மின்கலம் – மீண்டும் மின்னேற்றத்தக்க கலம்
கொள்திறன் – ஏற்றுத் தேக்கிவைக்கும் அளவு
மின்னிறக்கம் – கலத்தின் ஆற்றல் செலவாதல்
காப்புரிமை – கண்டுபிடிப்பாளர்க்குச் சட்டம் வழங்கும் உரிமை
ஈடுசெய்தல் – இழப்பிற்கு நிகராகத் தருதல்
வாளாவிருத்தல் – பயனின்றிச் சும்மா இருத்தல்
ஊறு – தீங்கு
பட்டறிதல் – அனுபவத்தால் அறிதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. எடிசன் பிறந்த ஊர் ________.
2. காரீய அமிலக் கலத்தை 1859இல் உருவாக்கியவர் ________.
3. எடிசன் கலத்தின் எதிர்மின்வாய் ________ ஆனது.
4. திருத்தப்பட்ட கலம் ________ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஆ. பிரித்து எழுதுக.
காரீயம், மின்னேற்றம், பெருங்குறை, நெடுநாள்

இ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. எடிசன் அமிலத்தைக் கைவிட்டுக் காரத்தைத் தேர்ந்தது ஏன்?
2. முதலில் விற்ற கலங்களில் காணப்பட்ட குறைகள் யாவை?
3. பெட்ரோல் வண்டியின் வெற்றிக்கு மின்கலம் எவ்வாறு துணைநின்றது?

ஈ. ஒரு பத்தியில் விடையளிக்க.
1. கலங்களைத் திரும்பப் பெற்ற எடிசனின் முடிவு சரியானதா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.
2. எடிசன் கலத்தையும் இன்றைய லித்தியம் கலத்தையும் ஒப்பிடுக.

உ. செயல்பாடு
உங்கள் வீட்டில் மின்கலத்தால் இயங்கும் பொருள்களைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றையும் எத்தனை ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறீர்கள் எனப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக. மின்கலம் நெடுநாள் உழைக்க வீட்டில் உள்ளோர் பின்பற்ற வேண்டிய ஐந்து நெறிகளைத் தமிழில் எழுதி, அனைவரும் காணும் இடத்தில் ஒட்டி வைக்க.